ஆவுடைத்தாய்க்குக் கம்பி போட்ட பதினெட்டு மாதம்

6 பிப்ரவரி 2024

வாயில் பஞ்சு. இன்று முழுக்கப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுபது வயதில் நான் பேசாமல் இருக்கிற முதல் நாள் இதுதான். தெருவில் சத்தம் இல்லாததைப் பார்த்து இரண்டு பேர், ஆள் இருக்கிறானா போய்விட்டானா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேச முடியாதவன் வேறு என்ன செய்வான். உரக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுதுகிறேன். நான் படித்தது ஏழாம் வகுப்பு. தப்பு இருந்தால் டைரிதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவிலில் மைக் செட்டு வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோவில் கொடை என்று நாற்பது வருஷம். பாட்டுப் போடுவது பாதி, இடையில் நான் பேசுவது பாதி. என் வாயில் விழாத ஆள் இந்த ஊரில் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் செட்டை விற்றேன். வாய் மட்டும் கையில் இருக்கிறது.

அந்த வாயில் மிச்சமிருந்த மூன்று பல்லை இன்றைக்குப் பிடுங்கிவிட்டார்கள். ஈறு ஆறினதும் பல்செட்டு கட்டுவார்கள்.

கூட வந்தவள் ஆவுடைத்தாய். என் அக்கா சண்முகத்தாயின் மகள். நாற்பது வயது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளும் அதே பல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள், கம்பி போட. சின்னதிலிருந்தே அவளுக்கு எத்துப்பல். நடுவில் சந்து வேறு. அவள் செவ்வாய்க்கிழமை போகிறாள் என்று அக்கா சொன்னதும் என் முறையையும் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு மணி நேர பஸ். பேச்சுத் துணை வேண்டாமா.

நாற்பது வயதில் கம்பி. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் பஞ்சு இருந்தது. தப்பித்தாள்.

7 பிப்ரவரி

கஞ்சி. சாயங்காலமும் கஞ்சி.

27 பிப்ரவரி

ஈறு ஆறிவிட்டதா என்று பார்த்துவிட்டு என்னை அனுப்பிவிட்டார்கள். ஆவுடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவளுக்குப் பார்க்கிறது ஜெனிட்டா என்று ஒரு டாக்டர். மேல்படிப்புப் படிக்கிற பெண். நல்ல பொறுமை.

"பல்லைப் பிடுங்க வேண்டியதில்லக்கா. சந்து இருக்குல்லா, அந்த எடத்தையே வச்சு முன்பல்லைப் பின்னால இழுத்திரலாம். ஆனா பெரியவங்களுக்கு எலும்பு இறுகியிருக்கும். மெதுவாத்தான் வரும். ஒன்றரை வருசம் ஆகும்."

"ஆகட்டும் டாக்டர்."

"முழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுது பாருங்க. அதையும் மாத்திப் பழகணும். இவ்வளவு நாள் ஏன்க்கா விட்டீங்க?"

"இப்பதான் நேரம் கெடச்சுது."

நான் சும்மா இருப்பேனா. "மகன் பத்தாப்புக்கு வந்தாச்சு. இனிமே இவ யாரை மயக்கப் போறா டாக்டரம்மா?" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆவுடைதான் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள். அடக்கமான பிள்ளை.

முதல் நாள் போட்டோ எடுக்க வேண்டும் என்று சிரிக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

12 மார்ச்

கம்பி போட்டாகிவிட்டது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொத்தான் ஒட்டி, அதன் வழியாகக் கம்பி ஓடுகிறது. கன்னம் உரசாமல் இருக்க மெழுகு கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா வீட்டில் சாப்பிட்டேன். ஆவுடை குடும்பமும் அங்கேதான் இருக்கிறது. எனக்குப் பல் இல்லை, அவளுக்குப் பல்லெல்லாம் வலி. இரண்டு பேருக்கும் கரைத்த ரசஞ்சோறு. ஆவுடை புருஷன் பஸ் டிப்போ வேலையிலிருந்து வந்து இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு, தனக்கு அப்பளத்தை உடைக்கவே யோசித்தார்.

9 ஏப்ரல்

எனக்கு அச்சு எடுத்தார்கள். வாய் நிறைய மாவு மாதிரி ஒன்றைத் திணித்து, ஆடாமல் இருக்கச் சொன்னார்கள். அது பெரிய கஷ்டம் இல்லை.

வருகிற வழியில்தான் இன்றைக்குக் கச்சேரி. நம்ம ரூட் கண்டக்டர் பரமசிவன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, ஒங்க மருமவ வாயத் தெறக்கவே மாட்டேங்காவ?" என்று கேட்டான்.

"எப்படித் தெறப்பா. உள்ள ரெண்டு லைன் தண்டவாளம் போட்டிருக்கு. முன்னால ஓடிப்போன பொட்டிய எல்லாம் பின்னால இழுத்துக் கட்டுதாங்க. கூட்டம் ஏறிச்சுன்னா அதுல நாலு பேர அனுப்பிவிடு" என்றேன்.

தேவர்குளம் வரைக்கும் பஸ் சிரித்தது. பின்சீட்டில் ஒருவன் கூ என்று ரயில் சத்தம் கொடுத்தான். பல்லே இல்லாமல் இப்படி ஒரு போடு போட்டேன் என்று எனக்கே பெருமை.

ஆவுடையும் சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே சிரித்தாள். அவள் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

30 ஏப்ரல்

ஆவுடை வரவில்லை. கடையில் ஆள் இல்லையாம்.

மெழுகில் பல் வைத்து மாட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியில் வேறு ஒருவன் நின்றான்.

14 மே

சந்தைக்குப் போகிற வழியில் அவள் கடையைத் தாண்டினேன். கூப்பிட்டேன். ஜெராக்ஸ் மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. மிஷின் ஓடவில்லை என்பது தாண்டிப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

28 மே

பல்செட்டு வந்துவிட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று. பேசினால் விசில் வருகிறது. பழகப் பழகச் சரியாகிவிடுமாம்.

இன்றும் ஆவுடை வரவில்லை. மாடிப்படியில் டாக்டர் ஜெனிட்டா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தாத்தா, நீங்க ஆவுடைக்கா ஊருதான? ஒரே பஸ்லதான வருவீங்க? அவங்க ரெண்டு தடவ வரல. கம்பிய அப்படியே விட்டா பல்லு கண்டபடி போயிரும். போன் பண்ணினா கழட்டி விட்டுருங்கனு சொல்லுதாங்க."

பிப்ரவரியில் பக்கத்தில் உட்கார்ந்து வாயாடினேனே தவிர, நான் அவளுக்கு யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஒரே ஊர்க்காரன், அவ்வளவுதான்.

"ஏனாம்?" என்றேன்.

"ஊர்ல யாரோ ஒரு மாமாவாம். சின்ன வயசுலயே நாலு பேரு முன்னால அவங்க பல்லை ரொம்பக் கேவலமா பேசியிருக்காரு. மறுபடியும் ஆரம்பிச்சிட்டாராம். இவ்வளவு வருசம் கழிச்சு தைரியமா வந்தாங்க. நீங்க பெரியவங்க, அந்த ஆளுகிட்ட கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

"அப்படிப்பட்ட ஆளுங்களும் இருக்கத்தான் செய்யிதாங்க" என்றேன்.

புதுப் பல் வைத்து நான் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. விசில் கூட வரவில்லை.

29 மே

சின்ன விளையாட்டு. அந்தக் காலத்தில் யாரும் அதைத் தப்பாக எடுக்கவில்லை.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அது கிடக்கட்டும்.

நடந்ததை எழுதுகிறேன். 1997, வைகாசி. ஆவுடை வயசுக்கு வந்த சடங்கு. தாய்மாமன் சீர் என்னுடையது. இருபத்தொரு தட்டு. பட்டு, வளையல், பழம், பூ, சந்தனம், மிட்டாய் என்று தெருவே பார்க்கும்படி கொண்டுபோனேன். மைக்கும் என்னுடையதுதான். ஒவ்வொரு தட்டாகத் தூக்கிக் காட்டச் சொல்லி, நானே மைக்கில் அறிவித்தேன். இருபது தட்டு முடிந்தது. கடைசித் தட்டை மட்டும் ஜிகினாத் தாளால் மூடி வைத்திருந்தேன். பிரிக்கச் சொன்னேன்.

தேங்காய்த் துருவி.

"மாமன் சீர்ல இது ஒண்ணுதான் வீண் செலவு. எங்க மருமவளுக்கு இது கூடவே பொறந்திருக்கு" என்று சொன்னேன். மைக்கில். நாலு தெருவுக்குக் குழாய் கட்டியிருந்தது.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. சமையல்காரர்கள் கூடக் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். தாய்மாமனுக்குக் கேலி பேச உரிமை உண்டு, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது. மாலை போட்டு, எல்லாரும் பார்க்க வேண்டும் என்று உயரமான நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். எழுந்து போக முடியாது. சடங்குப் பெண் பாதியில் எழுந்தால் ஆகாது என்று அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோமே.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அவளைத் துருவி என்று கூப்பிடுகிறார்கள் என்று அக்கா ஒரு தடவை வந்து சொன்னாள். என் பேச்சு அவ்வளவு தூரம் போயிருக்கிறதா என்று அதற்கும் சிரித்தேன்.

அடக்கமான பிள்ளை என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறேன். கையால் ஏன் வாயைப் பொத்துகிறாள் என்று இருபத்தேழு வருஷமாக ஒரு நாள் கூடக் கேட்டதில்லை.

2 ஜூன்

அக்கா வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நானும் உருவினேன். பிறகு சொன்னேன்.

"அக்கா, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நம்ம சொந்தம் பூரா வரும்லா. மண்டபத்துல எல்லாரும் இருக்கும்போது, நான் மைக்கப் பிடிச்சு ஆவுடைகிட்ட மன்னிப்புக் கேட்டுரலாம்னு பாக்கேன்."

அக்கா கீரையை வைத்துவிட்டாள்.

"ஏல, இதுக்கும் ஒனக்கு மைக்குதான் வேணுமா?"

"எல்லாரு முன்னாலயும்தான சொன்னேன். எல்லாரு முன்னாலயும் கேட்டாத்தான முறை."

"எல்லாரும் மறந்து தொலைச்சாச்சு. நீ போய் ஒவ்வொருத்தனுக்கா ஞாபகப்படுத்தப் போறியாக்கும். அவ கடை இங்கன எட்டுக் கட்டடம் தள்ளித்தான இருக்கு. நடந்து போ. மெதுவாச் சொல்லு. அவளுக்கு மட்டும் கேட்டாப் போதும்."

எனக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை என்று சொன்னேன். உருவின கீரையில் நான் காம்பையும் சேர்த்துப் போட்டிருந்தேன். அக்கா அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

3 ஜூன்

போகவில்லை. வெயில்.

4 ஜூன்

போகவில்லை. வெயில் இல்லை.

6 ஜூன்

போனேன். கடையில் கூட்டம். பட்டா நகல், ஆதார், ஜாதிச் சான்றிதழ் என்று ஏழெட்டுப் பேர்.

"என்ன மாமா, என்ன எடுக்கணும்?"

என்ன எடுக்க வேண்டும் என்று நான் யோசித்துப் போகவில்லை. சட்டைப் பையில் ரேஷன் கார்டு இருந்தது. கொடுத்தேன்.

"எத்தன காப்பி?"

"எடுட்டி, ஒரு பத்து."

"பத்தா? எதுக்கு?"

"தேவைப்படும்."

பத்துக் காப்பி எடுத்தாள். நான் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணிக்குத் தாலுகா ஆபீஸ் சாப்பாட்டுக்குப் போனது, கடை காலியானது. அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியாது. துருவியைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், டாக்டர் படியில் வைத்துச் சொன்னதையும், நான் அந்த ஆள் இல்லை என்பது மாதிரிப் பேசிவிட்டு வந்ததையும் சொன்னேன். பல்செட்டு இரண்டு தடவை நழுவியது. மன்னிப்பு என்ற சொல் எப்படியோ வந்துவிட்டது, ஆனால் அது எனக்கே சினிமா வசனம் மாதிரிக் கேட்டது.

அவள் மிஷின் மூடியைத் துணியால் துடைத்தாள். அழுக்கு ஒன்றும் இல்லை.

"பத்து வருசத்துக்கு முன்னால நீங்க வந்திருந்தா நல்லா ஏசியிருப்பேன் மாமா."

"இப்ப ஏசுட்டி. எவ்வளவு வேணா ஏசு."

"இப்ப வர மாட்டேங்கு." துணியை மடித்து வைத்தாள். "ஒங்க மேல உள்ள கோவம் தேஞ்சு போச்சு. அம்மைக்குத் தம்பி, நல்லது கெட்டதுக்கு மொத ஆளா வந்து நிக்கிற மனுசன், வாய்தான் அப்படின்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு ஆறாதது வேற."

"என்னட்டி?"

"அன்னைக்கு நானும் சிரிச்சேன்லா. எல்லாரும் சிரிக்காங்க, நான் சிரிக்கலன்னா அழுதுருவேன். அதனால சிரிச்சேன். எங்கூடப் படிச்ச பிள்ளைய பூரா முன்னால நிக்கி. இப்ப பஸ்லயும் சிரிச்சேன் மாமா. நாப்பது வயசு ஆச்சு, இன்னும் அதேதான் செய்யிதேன். அதுக்குப் பெறகு இந்தக் கம்பி எதுக்குன்னு தோணிட்டு. பல்லை உள்ள தள்ளிருவாங்க. இத யாரு தள்ளுவா?"

அவள் மகன் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்று மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"நான் புதன்கெழமைக்கு மாத்திக்கிடுதேன். செவ்வாக்கெழமை நீ கேட்டு வாங்கின நாளு. நீ தனியாப் போ" என்று மட்டும் சொன்னேன்.

பத்துக் காப்பியையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள்.

25 ஜூன், செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. வீட்டில் இருந்தேன். எட்டேகால் பஸ் போகிற நேரத்தில் துணி துவைத்தேன். துவைத்ததையே துவைத்தேன்.

26 ஜூன், புதன்

பல்செட்டு ஈறில் உரசுகிறது என்று ராவப் போனேன். அது பொய் இல்லை, உரசத்தான் செய்கிறது. முடிந்ததும் மாடிக்குப் போய் டாக்டர் ஜெனிட்டா முன்னால் நின்றேன்.

"நேத்து ஆவுடைக்கா வந்தாங்க தாத்தா. புதுக் கம்பி மாத்தியாச்சு."

"டாக்டரம்மா, அந்த மாமா நான்தான்."

"தெரியும் தாத்தா. நேத்து சொன்னாங்க."

ஒரு சின்னக் கம்பியை எடுத்து, கண் பக்கத்தில் வைத்து, வளைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் கீழே இறங்கி வந்திருப்பேன். அவர் வளைத்து முடிக்கிற வரைக்கும் நின்றேன்.

10 செப்டம்பர்

தபால் ஆபீசுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நடக்கும்போது தலை முன்னால் போகிறது, உடம்பு பின்னால் வருகிறது. பார்த்த உடனே அவருக்கு ஒரு பெயர் வாய்க்கு வந்துவிட்டது. நல்ல பெயர். ஊரே பிடித்துக்கொண்டிருக்கும். டீக்கடையில் நாலு பேர் வேறு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயை ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.

அந்தப் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன்.

19 நவம்பர்

அக்காவுக்குக் காய்ச்சல். போயிருந்தேன். ஆவுடை கஞ்சி கொண்டுவந்தாள். பேசும்போது கவனித்தேன், சந்து பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. பல் பின்னால் போயிருக்கிறது. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

4 பிப்ரவரி 2025

நேற்று அவளாகவே போன் செய்தாள். "மாமா, பல்செட்டு ஆடுதுன்னு அம்மா சொன்னாங்க. நாளைக்கி எங்கூடவே வாங்க. தனியாப் போனா ரெண்டு மணி நேரம் தூங்கித் தூங்கி ஸ்டாப்ப விட்டுருதேன்."

போனேன். பரமசிவன் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, இப்பல்லாம் சத்தத்தையே காணும்? ரயிலு எந்த ஊரு தாண்டியிருக்கு?" என்றான்.

பழைய சிரிப்பை அவன் மறக்கவில்லை. நான்தான் கொடுத்தது. பின்சீட்டு வரைக்கும் காத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு டிக்கெட்டு" என்றேன்.

அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான். ஆவுடை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மானூர் தாண்டினதும் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேராலும் கடிக்க முடியாது. சப்பிக்கொண்டே வந்தோம்.

19 ஆகஸ்ட் 2025

கம்பி கழற்றுகிற நாள். நானும் வர வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஒவ்வொரு பொத்தானாகப் பெயர்த்து எடுத்தார்கள். பசையைச் சுரண்டி, கழுவி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். நாக்கை மெதுவாகப் பல் மேல் ஓட்டிப் பார்த்தாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டு கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு கொடுத்தார்கள். அதை விட்டால் பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்குமாம்.

டாக்டர் ஜெனிட்டா காமிராவோடு வந்தார். அவர் பரீட்சைக்கு இந்த போட்டோ வேண்டும். பார்க்க நாலு மாணவர்களும் ஒரு ஆயாவும் கூடிவிட்டார்கள்.

"ஆவுடைக்கா, நல்லா சிரிங்க பாப்போம். மொத நாளும் நீங்க சிரிக்கல."

"எதுக்குன்னு இல்லாம எப்படி டாக்டர் சிரிக்க?"

உதட்டை விரித்தாள். அது சிரிப்பு இல்லை, பல்லைக் காட்டுவது. இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"தாத்தா, நாப்பது வருசம் ஊரையே சிரிக்க வச்ச ஆளாமே. ஒண்ணு எடுத்து விடுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பந்தலில் மைக் கையில் வந்தால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

யோசித்தேன். பால்பண்ணை சுடலைக்கண்ணுவின் திக்குவாயை வைத்து ஒன்று உண்டு. எப்போது சொன்னாலும் சிரிப்பார்கள். அதில் சுடலைக்கண்ணு நின்றான். வேண்டாம். கட்டையன் கல்யாணத்தில் சொன்னது. அதில் அவன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி இருந்தபோது அவள் நிறத்தை வைத்தே ஒரு கூடை வைத்திருந்தேன். செத்து ஆறு வருஷம் ஆகிறது. ஒன்றை எடுத்தால் ஒருத்தர், இன்னொன்றை எடுத்தால் இன்னொருத்தர். ஆள் இல்லாத ஒன்று எங்கேயாவது கிடக்கும் என்று துழாவினேன். வாயைத் திறந்தேன், மூடினேன். மறுபடியும் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. வரல" என்றேன்.

ஆவுடை நாற்காலியில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், சட்டுனு எடுங்க" என்றாள். "எங்க மாமா முழிக்கிறதப் பாருங்க. மீனுக்குப் பல்செட்டு மாட்டிக் கரையில போட்ட மாதிரி."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. டாக்டர் சிரித்துக்கொண்டே எடுத்தார். மாணவர்கள் சிரித்தார்கள். ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் வாய் மரத்துப்போய்க் கிடந்த ஆள் கூட எழுந்து, யார் அது என்று என்னைத் தேடிப் பார்த்தான்.

நான் நடுவில் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு முகம் இருந்தது. அடங்கிவிடும் என்று பார்த்தால் யாராவது ஒருத்தர் மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

ஒரு சிரிப்பு அடங்க இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.